வாப்பா பிடித்த தோள்

வாப்பா விழுந்த செய்தி எனக்கு வந்தபோது அவருக்கு அறுவை சிகிச்சையே முடிந்திருந்தது. நான் சவுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். வழக்கமாக அவள் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவாள். அன்று புதன்.

"காக்கா, பதறாதீங்க. வாப்பா குளியலறைப் படியில வழுக்கி விழுந்துட்டாவ. இடது பக்க இடுப்பெலும்பு. நேத்தே ஆப்பரேஷன் முடிஞ்சிட்டு. நல்லா இருக்காவ."

எங்கள் வீடுகளில் அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நேத்தா? விழுந்தது எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. சொன்னா நீங்க அங்கன கிடந்து தவிப்பிய, எல்லாம் முடிஞ்ச பொறவு சொல்லுவோம்னு இவியதான் சொன்னாவ."

'இவிய' என்றால் அவள் கணவர், என் மச்சான். என் வாப்பாவின் எலும்பு முறிந்ததை எனக்கு எப்போது சொல்வது என்று முடிவு செய்தவர் அவர். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் வாப்பா விழுந்ததற்காக மட்டும் இல்லை என்பதும் தெரியும்.

நாலு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். இருபத்து நாலு வருஷம் போதும் என்று தோன்றியது. என் மனைவியும் பிள்ளைகளும் நகரத்தின் இன்னொரு பக்கம், வண்ணார்பேட்டையில் இருந்தார்கள். வாப்பா மேலப்பாளையத்து வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டார். உம்மா மவுத்தாகி மறைந்த பிறகு தங்கையும் மச்சானும்தான் அந்த வீட்டில் அவரோடு இருந்தார்கள். நான் காலையில் மேலப்பாளையத்துக்குப் போவேன், ராத்திரி இஷா தொழுகை முடிந்து திரும்புவேன். வாப்பாவை இனி நான் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம்கூடச் சொன்னேன்.

வாப்பா சைக்கிளில் ஜவுளி வியாபாரம் செய்தவர். பின்னால் சேலை மூட்டை, முன்னால் கைலி மூட்டை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று மிதித்துக்கொண்டே போய் மணிமுத்தாறில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மூன்றாம் நாள் திரும்புவார். எழுபத்தைந்து வயதுவரை சைக்கிளை விடவில்லை. அந்தக் கால்களைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் கைலிக்குக் கீழே தெரிந்த கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன.

நான் வந்த அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வாப்பா கைகால் கழுவி ஒளு செய்ய எழ வேண்டும். நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"நீ இரு லே," என்றார். "மாப்ளை வரட்டும்."

"நான் தூக்குதேன் வாப்பா."

"நீ இருன்னா இரு."

வீட்டுக்கு நாலாவது கட்டடம் மச்சானின் கடை. சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் பஞ்சர் ஒட்டுவார். கட்டில் காலில் ஒரு சைக்கிள் மணி கட்டியிருந்தது. வாப்பா இரண்டு தடவை அடித்தார். ஒரு நிமிடத்துக்குள் மச்சான் வந்துவிட்டார். கையெல்லாம் கரி. வாசலிலேயே சோப்புப் போட்டுக் கழுவினார். கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து தோளைக் கொடுத்தார். வாப்பா அந்தத் தோளில் வலது கையை வைத்து, பிஸ்மி என்று அல்லாஹ்வின் பெயர் சொல்லி, எழுந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ வருஷமாக ஒன்றாக ஏர் ஓட்டுகிறவர்கள் போல நடந்து போனார்கள். நான் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

தொழுகை முடிந்ததும் அந்த மணியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு தடவை அடிச்சா உன் தங்கச்சிக்கு. ரெண்டு தடவை அடிச்சா மாப்ளைக்கு," என்றார் வாப்பா.

"எனக்கு?"

"நீதான் பக்கத்துலயே இருக்கியே லே. உனக்கு எதுக்கு மணி?"

சொன்னதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மணி இரண்டு தடவை அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. சில நாள் இரண்டாவது மணி அடிப்பதற்கு முன்பே ஓடிப்போய் நிற்பேன். வாப்பா என்னைப் பார்த்துவிட்டு, நிதானமாக, இரண்டாவது மணியை அடிப்பார்.

மருந்துச் சீட்டைத் தேடியபோது ஆஸ்பத்திரிக் கோப்பு கையில் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்த தாளில் மச்சானின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் 'உறவு' என்ற இடத்தில் யாரோ நீல மையில் 'மகன்' என்று எழுதியிருந்தார்கள்.

தங்கையிடம் காட்டினேன்.

"அது அங்கன இருந்த பொண்ணு எழுதுனது காக்கா. இவிய மருமவன்னுதான் சொன்னாவ. அவ கேட்டுக்கிடல. அந்த நேரத்துல யாரு அதெல்லாம் பாத்தா?"

"பாத்திருக்கணும்ல?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வாப்பா வலியில கத்திக்கிட்டு இருந்தாவ காக்கா," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தாளை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். அழித்து எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் ஐம்பத்திரண்டு வயது மனிதன்.

அந்த வீட்டுக்குள் மச்சான் செய்துவைத்திருந்த வேலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிலறையிலிருந்து குளியலறைக்குப் போகும் இடைகழி நீளமானது, குறுகலானது. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் நைலான் கயிறு ஓடியது. கயிறு கையை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை அதற்கு உறை மாதிரி மாட்டியிருந்தார். சாணுக்கு ஒரு முடிச்சு, கை நழுவாமல் இருக்க. குளியலறைப் படியிலும் தரையிலும் டயரை வார் வாராக வெட்டி ஒட்டியிருந்தார். கட்டில் தாழ்வாக இருந்தால் எழச் சிரமம் என்று நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை. வாப்பாவின் செருப்புக்குப் பின்பக்கம் டியூபில் ஒரு வார், குதிகாலைவிட்டுக் கழலாமல் இருக்க.

வீடு முழுக்க ரப்பர் வாசம். பார்க்கிறவர்களுக்குப் பஞ்சர் கடையை வீட்டுக்குள் கொண்டு வந்ததுபோல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அதைவிட, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கை என் கண்ணில் பட்டது. ஒரு சுவர்கூட எனக்கு மிச்சம் இல்லை.

வண்ணார்பேட்டையில் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். எவர்சில்வர் கைப்பிடிகள் மூன்று, மடக்கும் வாக்கர், கமோடின்மேல் வைக்கும் உயர்ந்த இருக்கை, ரப்பர் பாய் எல்லாம் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பிளம்பரை வரச்சொல்லி ஒரே நாளில் கைப்பிடிகளை மாட்டினேன். சுவரில் பளபளவென்று இருந்தன. வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"நல்லாருக்கு லே," என்றார்.

மச்சானும் வந்து பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "வலுவா இருக்கு மச்சான்," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை. அவர் சொல்லி நான் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அந்தக் கைப்பிடியில் வாப்பாவின் துண்டு காய்ந்தது. அடுத்த கைப்பிடியில் தங்கை குளிக்கிற தேங்காய்நாரைத் தொங்கவிட்டாள். வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது, அதில் வாப்பாவின் தொப்பி. அவர் தினமும் போய்வந்தது கயிற்றைப் பிடித்துத்தான். இல்லையென்றால் மச்சானின் தோள்.

கங்கைகொண்டான் பக்கம் லாரி ஷெட் ஒன்றில் மச்சானுக்கு மாதத்தில் ஒரு நாள் வேலை இருக்கும். காலையில் போனால் மாலையில்தான் வருவார். அப்படி ஒரு நாள் அவர் போன பிறகு, தங்கையும் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குக் கிளம்பினாள். வாப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

நான் சுத்தியலை எடுத்தேன். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கழற்றினேன். ஆணிகளைப் பிடுங்கினேன். படியில் ஒட்டியிருந்த டயர் வார்களைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். எல்லாவற்றையும் சாக்கில் போட்டு மாடிப்படிக்கு அடியில் தள்ளினேன். புது ரப்பர் பாயை விரித்தேன். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறேன், வாக்கரைப் பிடித்து நடப்பதுதான் முறை, கயிறு இருக்கும்வரை அவர் வாக்கரைத் தொடமாட்டார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பொறாமைக்காரனுக்குக் காரணம் கிடைப்பது எப்போதும் கஷ்டமில்லை.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வாப்பா யாரையும் கூப்பிடாமல், மணியும் அடிக்காமல், அந்தக் கயிற்றைப் பிடித்துத் தனியாகவே தினமும் இரண்டு தடவை போய்வந்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துப் போவார். அது அவருக்கும் மச்சானுக்கும் இடையில் இருந்த ரகசியம். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் கயிறு.

மதியத் தொழுகையான லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் நான் முன்னறையில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணி மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். பிறகு "யா அல்லாஹ்" என்று மெல்லிய குரல்.

குளியலறைப் படிக்கு முன்னால் பக்கவாட்டில் கிடந்தார். புருவத்தில் ரத்தம். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. நான் விரித்த ரப்பர் பாய் சுருண்டு ஒரு மூலைக்குப் போயிருந்தது. தூக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள்.

படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு எதுவும் முறியவில்லை. புருவத்தில் மூன்று தையல். மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டார்கள். மாலையில் மச்சான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"எப்படி மாமா?" என்றார்.

"கண்ணு இருட்டிட்டு மாப்ளே," என்றார் வாப்பா. "நானா விழுந்தேன். யாரு மேலயும் குத்தமில்ல."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் இடைகழியில் நின்றார். சுவரில் வரிசையாக ஆணி பிடுங்கிய ஓட்டைகள். விரலால் ஒன்றைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கடைக்குப் போய்ப் புதுக் கயிறும் டியூபும் எடுத்து வந்து, பழைய ஓட்டைகளுக்குக் கொஞ்சம் மேலே கட்ட ஆரம்பித்தார். நான் ஆணியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அந்த நிலையிலும், முடிச்சுகளை அவர் போடும் வேகத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாப்பா எழவில்லை. கயிறு திரும்ப வந்தும் எழவில்லை. மச்சான் தோளைக் கொடுத்தாலும், "வேண்டாம் மாப்ளே, காலு நிக்காது," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பத்து நாள் ஆனது. இப்படியே விட்டால் படுக்கையில் புண் வரும், பிறகு எழவே மாட்டார் என்று டாக்டர் எச்சரித்து, பிசியோதெரபி செய்யும் பெண் ஒருவரை அனுப்பினார். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முப்பது வயதுதான் இருக்கும். கணீரென்ற குரல்.

வந்த முதல் நாளே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இது யாரு கட்டுனா?"

"எங்க வீட்டுக்காரங்க," என்றாள் தங்கை.

"முடிச்செல்லாம் போட்டு, நல்ல யோசனை. நான் போற வேற வீடுகள்லயும் சொல்லப் போறேன்." பிறகு குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தக் கைப்பிடிய யாரு வச்சா?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு உடைஞ்சது இடது பக்கம். எந்திரிக்கும்போது வலது கையத்தான் ஊனி எந்திரிப்பாங்க. இது இடது பக்கச் சுவர்ல இருக்கு. உயரமும் ரொம்ப ஜாஸ்தி. ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, கை எங்க எட்டுதுன்னு பாத்துட்டுல வைக்கணும்?"

என் உயரத்துக்கு, என் கைக்கு வாகாக வைத்திருந்தேன். வாப்பாவை ஒரு தடவை உட்காரச் சொல்லிப் பார்க்கவில்லை. மச்சான் அன்றைக்குச் சொல்ல வந்து நிறுத்தியதும் அதைத்தான். அவர் மூலையில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கருணைதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை அவர் கடைக்குப் போனேன். ஒரு ஆட்டோ டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கயித்த நான்தான் கழட்டினேன் மச்சான்."

"தெரியும்."

"வேணும்னுதான் கழட்டினேன்."

"அதுவும் தெரியும்." டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. பதினாறு வருசமா நான் இந்த வீட்டுல இருக்கேன். சைக்கிள விட்டதுல இருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மாமாவ நான்தான் பைய நடத்திக் கூட்டிட்டுப் போவேன். பள்ளிவாசல்ல யாராச்சும் சொகமான்னு விசாரிப்பாங்க. மாமா என்ன சொல்லுவாவ தெரியுமா? 'அல்லாஹ் கிருபை, சவுதியில இருந்து மவன் பாத்துக்கிடுதான்.' என் தோளப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதே சொல்லுவாவ. ஒரு தடவ இல்ல, வாரா வாரம்."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன்.

"நீங்க போன்ல பேசுத அன்னைக்கு ரெண்டு இட்லி கூடத் தின்பாவ. நான் எடுத்துக் கொடுத்தா ஒண்ணுதான்," என்றார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார். "எனக்கும் எரியும்ல மச்சான்?"

அவர் இதைச் சொன்னபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிறகுதான். முதலில் வந்தது சந்தோஷம். வாரா வாரம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டு இட்லி கூடத் தின்றிருக்கிறார். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

பிசியோதெரபிப் பெண் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். பலமில்லாத பக்கம், ஓரடி பின்னால் நிற்க வேண்டும். "அவங்க நடப்பாங்க. நீங்க நடத்தக் கூடாது," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். முதல் வாரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது. அடுத்த வாரம் எழுந்து பத்து எண்ணும்வரை நிற்பது. வாப்பா அந்தப் பெண் சொன்னால் செய்தார், மச்சான் சொன்னால் செய்தார். நான் சொன்னால், "இப்பதானே செஞ்சேன்," என்றார்.

அந்த நேரத்தில்தான் வீரவநல்லூரில் இருந்த மச்சானின் உம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை வந்தது. அவர் ஒரே மகன். இரண்டு வாரமாவது போய் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எந்திரிக்கதுக்கு முன்னால பிஸ்மி சொல்லுவாவ. அதுக்கு முந்தி நீங்க அசையக் கூடாது. நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, கவனம் போயிரும். தரை குளிர்ந்து கிடந்தா காலு கூசும், செருப்ப மாட்டிட்டுத்தான் இறக்கணும். படிக்கு வந்ததும் ஒரு நொடி நிப்பாவ. அவசரப்படுத்தாதீங்க. அந்த இடத்துலதான் விழுந்தாவ, அதான்."

ஒவ்வொன்றும் எனக்குக் குத்தியது. என் வாப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதவற்றை ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எழுதாமல் நினைவில் இருக்காது என்று தெரிந்தது.

முதல் மூன்று நாள் மோசமாகத்தான் இருந்தது. அவர் பிஸ்மி சொல்வதற்கு முன்பே நான் பெல்ட்டைத் தூக்கிவிட்டேன். "சாக்கா தூக்குத?" என்று சத்தம் போட்டார். இரண்டாம் நாள் முழுக்க எழவே மறுத்தார். மூன்றாம் நாள் மணியைப் பழக்கத்தில் இரண்டு தடவை அடித்துவிட்டு, மச்சான் ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வந்து, அதைப் பார்த்தபடியே இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான் இல்லாத வீட்டிலும் நான் மச்சானோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையை நீட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். முட்டி வலித்தது. வெகுநேரம் கழித்து என் தோளில் அவர் கை விழுந்தது. பிஸ்மி சொன்னார். எடை ஏறியது. நான் நினைத்ததைவிட மிகக் குறைவான எடை. கழுத்துக்குப் பக்கத்தில் அவர் மூச்சு, அதில் ஏலக்காய் வாசம். விவரம் தெரிந்த நாளிலிருந்து வாப்பாவின் உடம்பு அவ்வளவு நேரம் என்மேல் பட்டதில்லை. பெருநாளைக்குப் பெருநாள் கட்டித் தழுவுவோம், விமான நிலையத்தில் தழுவுவோம், அவ்வளவுதான். இதைத்தான் மச்சான் தினம் ஐந்து வேளை வைத்திருந்தாரா என்று நினைத்தேன்.

குளியலறைப் படிக்கு முன்னால் நின்றார். நானும் நின்றேன்.

"அன்னைக்கு நீ சுத்தியல் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு லே," என்றார்.

"தூங்குதீங்கன்னு நினைச்சேன்."

"இடுப்புதான் உடைஞ்சுது. காது நல்லாத்தான் கேக்கு."

"கயிறு இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் வாப்பா எந்திரிச்சிய?"

"தெரியும். தெரிஞ்சும் கை தானா அங்கன போயிட்டு." படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏன் அப்படிச் செஞ்ச?"

"நீங்க எதுக்கெடுத்தாலும் மச்சானையே தேடுதிய. எனக்குப் பொறுக்கல."

வாப்பா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "உன் மேல விழுந்துட்டா உனக்கு அடிபட்டுருமேன்னுதான் மொதல்ல பயந்தேன்," என்றார். "நீ வெயில்ல வளராத பய. அவரு டயரு தூக்குத ஆளு." காலை எடுத்து வைத்தார். "சரி, பேச்சுக் கொடுக்காத. நடக்கணும்."

அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் பிளம்பரைக் கூப்பிட்டேன். வாப்பாவைக் கமோடில் உட்கார வைத்து, அவர் கை எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கைப்பிடியை வலது பக்கச் சுவருக்கு மாற்றினோம். இப்போது அதில் துண்டு தொங்குவதில்லை. வாக்கரையும் அந்தப் பெண் உயரம் குறைத்துக் கொடுத்த பிறகு பிடிக்க ஆரம்பித்தார். கயிற்றை யாரும் கழற்றவில்லை.

இரண்டு வாரம் முடிந்து மச்சான் வந்தார். வாப்பா வாக்கரைப் பிடித்து முன்னறைவரை வந்திருந்தார்.

"நான் இல்லாம எப்படி மாமா இருந்திய?" என்றார் மச்சான். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஒரு குறையுமில்ல மாப்ளே. இவன் நல்லாப் பாத்துக்கிட்டான்," என்றார் வாப்பா.

மச்சானின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கொஞ்சம் மாறியது. அந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏழு மாதமாக நான் கண்ணாடியில் பார்த்துவந்த முகம் அது. அவருக்காக வருத்தப்பட்டேன். சந்தோஷமும் பட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது முறை வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலை இரண்டு வேளை தோள் கொடுப்பது மச்சான், மற்றதெல்லாம் நான். மச்சானின் காலடிச் சத்தம் கேட்டால் வாப்பா இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார். எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. நானும் வாப்பாவும் வாசலில் பேசும் சத்தம் கேட்டால் மச்சான் கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அவருக்கும் எதுவோ பிடிக்கவில்லை.

போன ஜும்ஆவுக்கு மூன்று பேரும் ஆட்டோவில் பள்ளிவாசலுக்குப் போனோம். விழுந்த பிறகு அதுதான் முதல் ஜும்ஆ. வாசலில் இறங்கியதும் நான் இடது பக்கம் போய்ப் பெல்ட்டைப் பிடிக்கப் போனேன். மச்சான் வாக்கரைச் சரிசெய்யக் குனிந்தார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க," என்றார் வாப்பா. "நாலு பேரு பாக்கத இடம்."

தனியாக நடந்தார். வாக்கரை எடுத்து வைத்து, ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து. நாங்கள் இரண்டு பேரும் கையை விரித்துக்கொண்டு, கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி, பின்னாலேயே போனோம். வழியில் ஒருவர் சலாம் சொல்லி, "சொகமா?" என்றார். "நடக்கேன்ல, தெரியல?" என்றார் வாப்பா. வேறு யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பின்வரிசை ஓரத்தில் வயதானவர்களுக்கென்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு நாங்கள் ஒளு செய்யப் போனோம். குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மச்சான் விரல் இடுக்கில் இருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தேய்க்க ஒன்றும் இல்லை. சீக்கிரமாக முடித்து எழுந்து, ஈரக் காலோடு உள்ளே போய், வாப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரே இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.